விக்டோரியா காலத்துச் செய்தித்தாள்களில் கோர்ட் செய்தியும் சந்தை நிலவரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா மகாராணி பிரிட்டனை ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் இப்போது லட்சக்கணக்கான பக்கங்களாக இணையத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலோர் போரையோ, பிரபலமான கொலை வழக்கையோ தேடித்தான் உள்ளே போகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: உள்பக்கத்தில் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிட்ட கோர்ட் செய்தியும், பக்கத்துப் பத்தியில் ஓடும் கோதுமை, பருத்தி, மாட்டு விலையும். இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்கள் தெரிவதுபோல வேறு எதிலும் தெரிவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். புதிதாகப் படிக்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அன்றாட வழக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா, பக்கத்து வீட்டுக்காரியோடு கைகலப்பு, கடையில் ஒரு துண்டு பன்றி இறைச்சி திருட்டு, எடை குறைந்த ரொட்டி, தண்ணீர் கலந்த பால், வண்டிக்காரன் கூடுதல் கூலி கேட்ட தகராறு, பெண்டாட்டியை அடித்த புருஷன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத அப்பன், முதலாளியிடம் சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளி. இவைதான். ஒவ்வொன்றும் நாலு வரியில் இருந்து அரைப் பத்தி வரை வரும். தீர்ப்பு பெரும்பாலும் 'இத்தனை ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் இத்தனை நாள் சிறை' என்பதோடு முடிந்துவிடும்.

சட்டம் மாற மாற வழக்கின் வகையும் மாறும். 1880இல் பள்ளிக்கூடம் கட்டாயமானதும், பெற்றோர் வந்து நிற்கும் வழக்குகள் பத்தி பத்தியாக வருகின்றன. மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, பையனுக்குப் போட்டுக்கொள்ள பூட்ஸ் இல்லை என்று தாய்மார் சொல்லும் பதில்கள் அதில் இருக்கும். தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்ற சட்டம் 1875இல்தான் நீங்கியது. அதற்கு முன் அந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல.

'போலீஸ் கோர்ட்' என்று வருகிறதே, அதைப் போலீஸ்தான் நடத்தியதா?

இல்லை. லண்டனில் சம்பளம் வாங்கும் மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்த கீழ்க்கோர்ட்டுக்கு அந்தப் பெயர். அவர்கள் வக்கீல் தொழிலில் இருந்து வந்தவர்கள். போ தெரு, மார்ல்பரோ தெரு, லாம்பெத், வொர்ஷிப் தெரு, தேம்ஸ் என்று பகுதிக்கு ஒன்று இருந்தது. செய்திக்குத் தலைப்பே அந்தக் கோர்ட்டின் பெயர்தான். துறைமுகத்தை ஒட்டிய தேம்ஸ் கோர்ட்டில் மாலுமிகள் வழக்கு அதிகம். இந்தியாவிலிருந்து கப்பலில் வேலைக்குப் போன லஸ்கர்களும் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள். லண்டனின் பழைய மையமான 'சிட்டி' எல்லைக்குள் மட்டும் மேயர் மான்ஷன் ஹவுஸிலும், ஆல்டர்மேன்கள் என்ற மூத்த நகரமன்ற உறுப்பினர்கள் கில்ட்ஹாலிலும் விசாரித்தார்கள்.

வெளியூர்களில் பெரும்பாலும் சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டுகள்தான். ஊர்ப் பண்ணையார், பாதிரியார், ஆலை முதலாளி போன்றவர்கள். ஆலைத் தொழிலாளி வழக்கை இன்னொரு ஆலை முதலாளி விசாரிக்கும் செய்தியைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பெரிய குற்றங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் செஷன்ஸுக்கோ, ஊர் ஊராகச் சுற்றி வரும் நீதிபதிகளின் அசைஸுக்கோ போகும். லண்டனில் அதற்கு ஓல்ட் பெய்லி என்ற கோர்ட். கடன் வழக்குக்கு 1846 சட்டப்படி கவுண்டி கோர்ட்டுகள் வந்தன. முதலில் 20 பவுண்டு வரையும், 1850 முதல் 50 பவுண்டு வரையும் அங்கே வழக்குப் போடலாம். மளிகைக் கடைக்காரர், தையல்காரர், டாக்டர் பாக்கி எல்லாம் அங்கேதான்.

இந்தச் செய்திகளை யார் எழுதினார்கள்? பெயரே இல்லையே?

பெயர் போடும் வழக்கம் அப்போது கிடையாது. பெரிய பத்திரிகைகள் ஓல்ட் பெய்லிக்கும் மேல்கோர்ட்டுக்கும் தங்கள் ஆளை அனுப்பும். போலீஸ் கோர்ட் செய்தியில் பெரும்பகுதி, வரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய வெளி நிருபர்கள் கொடுத்தது. பெயரளவில் வரிக்கு ஒரு பென்னி, நடைமுறையில் ஒன்றரைப் பென்னி வரை கிடைத்தது. ஒரே நிருபர் மெல்லிய காகிதங்களுக்கு நடுவே கரிக்காகிதம் வைத்து, அழுத்தி எழுதி, ஒரே நேரத்தில் பல பிரதி எடுப்பார். அதை ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புவார். எந்தப் பத்திரிகை எத்தனை வரி போடுகிறதோ அத்தனை வரிக்குக் காசு.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயம் விளங்கும். ஒரே வழக்கு நாலு பத்திரிகையில் அச்சுப்பிசகாமல் ஒரே வாசகத்தில் வந்தால், நாலு சாட்சி என்று எண்ண வேண்டாம். எழுதியவர் ஒருவர்தான். அப்புறம், நடை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறது என்பதும் புரியும். வரிக்குக் காசு என்றால் யார்தான் சுருக்கி எழுதுவார்கள்?

வெளியூர் வாரப் பத்திரிகைகளுக்குக் கத்திரிக்கோலும் பசையும்தான் பாதி நிருபர். லண்டன் பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டுவார்கள். அது கப்பலேறி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பத்திரிகைகளிலும் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும்.

இவ்வளவு சின்ன வழக்குக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுத்தார்கள்?

மலிவாகக் கிடைத்த சரக்கு, தினமும் கிடைத்த சரக்கு. வாசகர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் இதற்குப் பின்னால் அரசாங்கத்துக்குக் கட்டும் வரியின் கதை ஒன்றும் இருக்கிறது.

செய்தித்தாள் ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி கட்ட வேண்டிய காலம் அது. 1836 வரை அந்த வரி 4 பென்ஸ் (பென்னியின் பன்மை). அப்போது டைம்ஸ் பத்திரிகையின் விலை 7 பென்ஸ். கூலிக்காரனால் வாங்க முடியாது. காபிக் கடையிலோ சாராயக் கடையிலோ ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். 1836இல் வரி ஒரு பென்னியாகக் குறைந்தது. விளம்பர வரி 1853இலும், முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும் ஒழிந்தன. 1855இல் பிறந்த டெய்லி டெலிகிராஃப் சில மாதங்களிலேயே ஒரு பென்னிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் அதற்கு முன்பே கோர்ட் செய்தியை வைத்து வளர்ந்தவை. 1842இல் தொடங்கிய லாயிட்ஸ் வீக்லி 1896இல் பத்து லட்சம் பிரதி விற்றது.

பத்திரிகை மலிவானதும் யாருடைய தெருச் சண்டை செய்தியானதோ அவர்களே காசு கொடுத்து அதைப் படிக்கத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் 1855க்குப் பிறகு இவ்வளவு பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். தன் பெயர் பத்திரிகையில் வந்துவிடும் என்பது அபராதத்தைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஒரு செய்தியை எடுத்துக் காட்டி விளக்க முடியுமா?

1843 அக்டோபரில் டைம்ஸில் வந்த லாம்பெத் போலீஸ் கோர்ட் செய்தி ஒன்று. கைக்குழந்தையோடு ஒரு பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். கணவன் விபத்தில் இறந்துவிட்டான், இரண்டு பிள்ளைகள். ஒரு துணிக்கடை முதலாளியிடம் கால்சட்டை தைத்துக் கொடுக்கும் வேலை. ஒரு கால்சட்டைக்கு 7 பென்ஸ் கூலி. ஊசியும் நூலும் அவள் செலவு. அந்த வேலையை எடுக்க 2 பவுண்டு ஈடு வேறு காட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லாமல், தைக்கக் கொடுத்த துணியில் சிலதை அடகுக் கடையில் வைத்துவிட்டாள். அதுதான் வழக்கு.

கோர்ட்டில் முதலாளி தரப்பு சொன்னது: அவள் வாரத்துக்கு 7 ஷில்லிங் சம்பாதிக்கலாம், அது நல்ல பிழைப்புத்தானே! கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 ஷில்லிங் என்றால் 84 பென்ஸ். ஒரு கால்சட்டைக்கு 7 பென்ஸ் வீதம் 12 கால்சட்டை. தையல் எந்திரம் புழக்கத்துக்கு வராத காலம். ஆறு நாளில் பன்னிரண்டு, அத்தனையும் கைத்தையல், மடியில் குழந்தை. அதிலிருந்து நூல் செலவு போக மீதிதான் வாடகைக்கும் ரொட்டிக்கும்.

இந்தச் செய்தி வெளியானதும் பெரிய பரபரப்பு. தலையங்கங்கள் வந்தன. அதே டிசம்பரில் பஞ்ச் இதழில் கவிஞர் தாமஸ் ஹூட் தையல்காரப் பெண்ணின் பாட்டை எழுதினார். அது நாடெங்கும் பரவியது. கவிதையை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூலமான கோர்ட் செய்தியை அவ்வளவு பேர் தேடிப் படிப்பதில்லை. எனக்கு அந்தக் கோர்ட் செய்திதான் கவிதையைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது. கூலி எவ்வளவு, நூல் யார் செலவு, ஈடு எவ்வளவு என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதுபோன்ற செய்தியைப் படித்த வாசகர்கள் மாஜிஸ்திரேட்டுக்குக் காசு அனுப்புவார்கள். கோர்ட்டில் ஏழைகளுக்கென ஓர் உண்டியல் இருந்தது. 'இன்னாருக்காக ஒருவர் 10 ஷில்லிங் அனுப்பியிருக்கிறார்' என்று மறுநாள் செய்தியிலேயே வரும்.

நடுநடுவே அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று வருகிறதே, என்ன அது?

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள் என்று நிருபர் குறிக்கிறார். மாஜிஸ்திரேட் ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருப்பார், அல்லது கூண்டில் நின்ற அயர்லாந்துக்காரரின் பேச்சை நிருபர் கொச்சையாகவே எழுத்துக்கூட்டிப் போட்டிருப்பார். ஏழையின் பேச்சு மட்டும் கொச்சையில் வரும். மாஜிஸ்திரேட் பேச்சு எப்போதும் திருத்தமான இலக்கணத்தில்தான் இருக்கும். இது நியாயமே இல்லை. இந்தச் செய்திகளில் எனக்கு மிகவும் கசப்பான பகுதி இதுதான். அடி வாங்கி முகம் வீங்கி வந்து நிற்கும் பெண்ணின் சாட்சியத்தின் நடுவே அந்தச் 'சிரிப்பு' வரும் இடங்கள் நிறைய உண்டு.

ஆகவே நம்பலாமா என்றால், இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். தேதி, குற்றச்சாட்டு, அபராதம், திருடிய பொருள், அதன் மதிப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். கோர்ட் நடவடிக்கையை நேர்மையாக வெளியிட்டால்தான் அவதூறு வழக்கிலிருந்து பாதுகாப்பு என்பதால் பத்திரிகைகளுக்கும் கவனம் இருந்தது. ஆள் பெயரின் எழுத்து, வயது, அவர் பேசியதாக வரும் வசனம் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'முரட்டுத் தோற்றமுள்ள ஆள்', 'கண்ணியமாகத் தெரிந்த பெண்' போன்ற அடைமொழியெல்லாம் நிருபரின் கண்.

இன்னொன்று. பெரும்பாலான குற்ற விசாரணைகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து தன் தரப்புச் சாட்சி சொல்லும் பொது உரிமை 1898இல்தான் வந்தது. அதற்கு முன் அவர் சும்மா ஒரு வாக்குமூலம் சொல்லலாம், அவ்வளவுதான். அவர் ஏன் ஒன்றுமே பேசவில்லை என்று செய்தியைப் படித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

'5 ஷில்லிங் அபராதம் அல்லது 7 நாள்' என்றால் எவ்வளவு பெரிய தண்டனை?

முதலில் காசுக் கணக்கு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 21 ஷில்லிங்குக்கு கினி என்று பெயர். டாக்டர், வக்கீல் கட்டணமும் பந்தயக் குதிரை விலையும் கினியில் வரும்.

1850 வாக்கில் இங்கிலாந்தின் பண்ணைக் கூலியாளுக்கு வாரம் சராசரியாக 9, 10 ஷில்லிங் கிடைத்தது. தெற்கு மாவட்டங்களில் அதற்கும் குறைவு. ஆக 5 ஷில்லிங் என்பது அரை வாரக் கூலி. அதன் மேல் கோர்ட் செலவு வேறு சேரும். சில சமயம் அபராதத்தைவிடச் செலவு அதிகமாக இருக்கும். கையில் காசுள்ளவன் எண்ணி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். இல்லாதவன் உள்ளே போவான். ஒரே நாளில், ஒரே கோர்ட்டில், ஒரே குற்றத்துக்கு இந்த இரண்டும் நடந்திருப்பதை அடுத்தடுத்த பத்தியில் பார்க்கலாம். இதற்குத்தான் பக்கத்துப் பத்தியில் இருக்கும் ரொட்டி விலையையும் பாருங்கள் என்று சொல்கிறேன்.

சந்தை நிலவரத்தை எப்படிப் படிப்பது? ஒன்றுமே புரியவில்லை.

முதல் தடவை யாருக்கும் புரியாது. எந்தச் சந்தை, எந்த அளவு, என்ன போக்கு ஆகிய மூன்றையும் பிடித்துவிட்டால் போதும்.

தானியத்துக்கு லண்டனில் மார்க் லேன். திங்கள்கிழமைச் சந்தைதான் முக்கியம். கோதுமை விலை 'குவார்ட்டர்' கணக்கில் இத்தனை ஷில்லிங் என்று வரும். ஒரு குவார்ட்டர் 8 புஷல், ஏறக்குறைய 220 கிலோ. மாட்டுக்கு ஸ்மித்ஃபீல்ட். உயிருள்ள மாட்டுச் சந்தை 1855இல் இஸ்லிங்டனுக்கு மாறியது, 1868இல் ஸ்மித்ஃபீல்டில் இறைச்சிச் சந்தை எழுந்தது. அங்கே விலை 'ஸ்டோன்' கணக்கில். ஸ்டோன் என்றால் மற்ற இடத்தில் 14 ராத்தல் (ஒரு ராத்தல் ஏறக்குறைய 450 கிராம்), லண்டன் இறைச்சிச் சந்தையில் 8 ராத்தல். இதைக் கவனிக்காமல் வெளியூர் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். தேயிலை, காபி, சர்க்கரை, மிளகு, அவுரி எல்லாம் மின்சிங் லேன். மீனுக்கு பில்லிங்ஸ்கேட், காய்கறிக்கு காவண்ட் கார்டன். பருத்திக்கு லிவர்பூல், ராத்தலுக்கு இத்தனை பென்ஸ் என்று; பென்னியின் எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்ப்பார்கள். நூலுக்கும் துணிக்கும் மான்செஸ்டர், செவ்வாயும் வெள்ளியும்.

போக்கைச் சொல்லும் வார்த்தைகள் நம்மூர் மண்டி நிலவரம் போலவேதான். மந்தம், விறுவிறுப்பு, நிலையாக இருந்தது, வாங்குவார் இல்லை. வானிலையும் கூடவே வரும். ஜூலை, ஆகஸ்டில் மழை பெய்தால் அந்த வாரமே கோதுமை விலை ஏறும்.

நீண்ட காலப் போக்கைப் பார்க்க இரண்டு எண் போதும். கிரைமியப் போர் நடந்த 1855இல் இங்கிலாந்தில் கோதுமையின் சராசரி விலை குவார்ட்டருக்கு 74 ஷில்லிங் 8 பென்ஸ். 1894இல் 22 ஷில்லிங் 10 பென்ஸ். அமெரிக்கக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவிந்ததன் விளைவு. நகரத்துக் கூலிக்காரனுக்கு ரொட்டி மலிவானது. அதே பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் பண்ணைச் சாமான் ஏல அறிவிப்புகள் பெருகின.

விலைப் பட்டியலை வியாபாரிகளைத் தவிர வேறு யார் படித்தார்கள்?

விவசாயி படித்தார், ரொட்டிக்காரர் படித்தார். பாதிரியாரும் படித்தார். 1836 சட்டப்படி தேவாலயத்துக்குத் தர வேண்டிய பத்தில் ஒரு பங்கு விளைச்சல் பணமாக மாற்றப்பட்டது. அந்தப் பணம் கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆக, மார்க் லேன் விலை சரிந்தால் கிராமத்துப் பாதிரியார் வருமானமும் சரியும். அரசே லண்டன் கெஜட் என்ற அரசிதழில் வாராவாரம் தானியச் சராசரி விலையை வெளியிட்டதற்கு இதுபோன்ற கணக்குகளும் காரணம்.

தந்தி வந்த பிறகு என்ன மாறியது?

வேகம். அட்லாண்டிக் கடலடித் தந்தி 1866இல் நிலைத்தது. அதற்கு முன் நியூயார்க் பருத்தி விலை லிவர்பூலுக்குக் கப்பலில் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வரும். பிறகு அன்றைக்கே வந்தது. 1870இல் உள்நாட்டுத் தந்தி தபால் துறையின் கைக்கு வந்தது, அதே ஆண்டு பம்பாய்க்குக் கடலடித் தந்தியும் வந்தது. ஊர்ப் பத்திரிகைகள் கூட்டாக நடத்திய பிரஸ் அசோசியேஷன் 1868இல் உருவானது. இதன் பிறகு சின்ன ஊர்ப் பத்திரிகையிலும் நேற்றைய லண்டன் விலை வந்தது.

இதில் நம் ஊருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. லிவர்பூல் பருத்தி நிலவரத்தைப் படித்துக்கொண்டே வந்தால், அமெரிக்க ரகங்களுக்குக் கீழே இந்திய ரகங்கள் வரும். அதில் 'தின்னவெல்லி' என்று ஒரு வரி. நம்ம திருநெல்வேலிச் சீமைப் பருத்திதான். 'வெஸ்டர்ன் மெட்ராஸ்' என்று இன்னொன்று.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு தெற்கத்தித் துறைமுகங்கள் அடைபட்டதும் இங்கிலாந்தின் பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயருக்குப் பருத்தி வரத்து நின்றது. ராத்தல் 7, 8 பென்ஸ் விற்ற அமெரிக்கப் பருத்தி 1864இல் 2 ஷில்லிங்கைத் தாண்டியது. இந்தியப் பருத்தி இழை குட்டை, தூசி அதிகம் என்று ஒதுக்கியவர்கள் அதையே தேடி வாங்கினார்கள். திருநெல்வேலி, கோயம்புத்தூர் பக்கம் கரிசலில் பருத்தி விதைத்தவர்களுக்குச் சில ஆண்டு நல்ல காசு. போர் முடிந்ததும் விலை விழுந்தது.

அந்தப் பக்கம் லங்காஷயரில், 1862 முடிவில் சுமார் 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். வேலையிழந்த ஆண்களைக் கல் உடைக்க விட்டார்கள், பெண்களைத் தையல் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜில் நிவாரணத்தைக் காசாகத் தராமல் கடைச் சீட்டாகத் தருவோம் என்றதும் கலவரம் வெடித்தது. கைதானவர்கள் மாஜிஸ்திரேட் முன் நின்ற செய்தியையும், லிவர்பூல் பருத்தி விலையையும் அந்த வாரப் பத்திரிகைகளில் சேர்த்துப் பாருங்கள். ஒரு பத்தியில் காரணம், இன்னொரு பத்தியில் விளைவு.

மின்சிங் லேன் காபி நிலவரத்தில் 'பிளான்டேஷன் சிலோன்' வரும். இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள் பறித்த காபி அது. 1869இல் இலைநோய் தாக்கிய பிறகு அந்த வரி மெல்ல மெல்லச் சுருங்கி, 1880களில் சிலோன் தேயிலை வரி நீள்கிறது. பறித்த கைகளைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு சொல் இருக்காது. மான்செஸ்டர் நிலவரத்தில் சென்னைக்கும் பம்பாய்க்கும் போகும் வேட்டித் துணியின் விலைகூட இருக்கும். நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்த விலை அது.

கோர்ட்டும் வியாபாரமும் ஒரே செய்தியில் வருவது உண்டா?

அடிக்கடி. ரொட்டி வழக்குகளைப் பாருங்கள். 1836 சட்டப்படி ரொட்டியை எடை போட்டுத்தான் விற்க வேண்டும். வண்டியில் கொண்டுபோய் விற்பவரிடமும் தராசு இருக்க வேண்டும். 'ஃபேன்ஸி' ரொட்டிக்கு மட்டும் விலக்கு. உடனே பிடிபட்ட ரொட்டிக்காரரெல்லாம், 'ஐயா, இது சாதா ரொட்டி இல்லை, ஃபேன்ஸி ரொட்டி' என்று வாதாடினார்கள். மேலே கொஞ்சம் முறுகலாக இருந்தால் ஃபேன்ஸியா, தனித்தனியாக வெந்தால் ஃபேன்ஸியா என்று மாஜிஸ்திரேட்டுகள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த வழக்குகள் பல பத்தாண்டுக்குத் தொடர்ந்தன. வாங்குபவருக்குச் சில அவுன்ஸ்தான் குறைந்திருக்கும். ஆனால் வாரக் கூலியில் பாதி ரொட்டிக்கே போகும் வீட்டில் அந்தச் சில அவுன்ஸ் பெரிசு.

கலப்படத்தின் கோர முகம் 1858 அக்டோபர் கடைசியில் பிராட்ஃபோர்டில் தெரிந்தது. சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் ஜிப்சம் தூள் கலப்பது வழக்கமாக இருந்தது. அந்தத் தூள் வாங்கப் போன இடத்தில், மருந்துக்கடை உதவியாளர் தவறுதலாக ஆர்சனிக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார். சந்தையில் விற்ற பெப்பர்மின்ட் மிட்டாயைத் தின்று சுமார் 20 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படுத்த படுக்கையானார்கள். வழக்கு நடந்தும் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஜிப்சம் கலப்பது அப்போது குற்றமே இல்லை. நாடெங்கும் பத்திரிகைகள் இதை எழுதின. 1860இல் கலப்படத் தடைச் சட்டமும், 1868இல் மருந்துக்கடைச் சட்டமும் வந்தன. 1875 சட்டத்துக்குப் பிறகுதான் பால்காரரும் வெண்ணெய்க்காரரும் வாராவாரம் கோர்ட் பத்தியில் நிற்கத் தொடங்கினார்கள்.

விளம்பரமே வழக்கான கதையும் உண்டு. 1891 நவம்பர் 13 அன்று 'பால் மால் கெஜட்' பத்திரிகையில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' (புகை உருண்டை) என்ற மருந்துக் கருவியின் விளம்பரம். சொன்னபடி இரண்டு வாரம், தினம் மூன்று வேளை பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு பரிசு, அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்றது. கார்லில் என்ற பெண்மணி அதை நம்பி வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். கம்பெனி மறுத்தது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பணத்தைக் கொடு என்றது. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டப் பாடத்தில் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

திவால் பட்டியல் என்று தனியாக வருகிறதே?

லண்டன் கெஜட் செவ்வாயும் வெள்ளியும் வரும். அதில் வந்த திவால் அறிவிப்புகளையும் கூட்டு வியாபாரம் கலைந்த அறிவிப்புகளையும் பத்திரிகைகள் எடுத்துப் போடும். பெயர், ஊர், தொழில், அவ்வளவுதான். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று பார்க்கும் வியாபாரிகளுக்கு முதலில் கண் போகும் இடம் அது.

பெரிய சரிவுகளில் கிளாஸ்கோ சிட்டி வங்கி 1878 அக்டோபரில் மூடியதைத் தேடிப் படியுங்கள். பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு இல்லாத வங்கி அது. 100 பவுண்டு பங்கு வைத்திருந்தவரிடம் முதல் தவணையாகவே 500 பவுண்டு கேட்டார்கள். விதவைகளும் மணமாகாத பெண்களும் பாதுகாப்பான முதலீடு என்று நம்பி வைத்திருந்த பங்குகள் அவை. இயக்குநர்கள் 1879 தொடக்கத்தில் சிறைக்குப் போனார்கள்.

இவற்றை எங்கே படிக்கலாம்?

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ்தான் பெரிய களஞ்சியம். தேடல் இலவசம், பெரும்பாலான பக்கங்களைத் திறக்கச் சந்தா வேண்டும். சில பத்திரிகைகளை இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறார்கள். முழுக்க இலவசமானவை: வேல்ஸ் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம், ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட். மறுபதிப்புச் செய்திகள் அதிகம் என்பதால், லண்டன் வழக்கு ஒன்றை ட்ரோவில் கண்டுபிடிப்பது பல சமயம் சுலபம். ஓல்ட் பெய்லி வழக்கு நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இலவசம். லண்டன் கெஜட்டும் இலவசம்.

தேடினால் கிடைக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கம்ப்யூட்டர் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கும்போது நிறையத் தவறு செய்யும். மை பரவிய இடத்தில் 'சி' எழுத்தை 'இ' என்றும், 'ஹெச்' எழுத்தை 'பி' என்றும் படித்துவிடும். அதனால் ஆள் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கோர்ட் பெயர், தெருப் பெயர், திருடிய பொருள் ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்துத் தேடுங்கள். பெரிய வழக்காக இருந்தால் கீழ்க்கோர்ட்டில் ஒருமுறை, செஷன்ஸில் ஒருமுறை என்று சில வாரம் இடைவெளியில் இரண்டு தடவை வந்திருக்கும். முதல் செய்தியோடு நிறுத்திவிட்டால் தீர்ப்பு தெரியாமலே போய்விடும்.

விலை தேடுவதாக இருந்தால் தேடல் பெட்டியையே விட்டுவிடுங்கள். எண்களைக் கம்ப்யூட்டர் சரியாகப் படிப்பதே இல்லை. ஒரு பத்திரிகையைத் தேர்ந்தெடுத்து, சந்தை நிலவரம் எந்தக் கிழமையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில்தான் வரும். பிறகு வாரம் வாரமாக அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டே போகலாம். புரட்டும்போது பக்கத்துப் பத்தியில் இருக்கும் கோர்ட் செய்தியையும் விடாதீர்கள்.